கட்டைவிரல் மறைத்த வரி

எங்கள் இயக்ககத்தில் தப்புச் செய்ய அனுமதி பெற்ற ஒரே ஊழியர் மெஷின்தான். அதற்கும் ஓர் அளவு உண்டு. நூறு எழுத்துக்கு ஒரு தப்பு, அவ்வளவுதான்.

பழைய புத்தகங்களைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்வார்கள். அந்தப் படத்தில் இருக்கும் எழுத்தை மெஷின் படித்து, யாரோ உட்கார்ந்து தட்டச்சு செய்ததுபோல் ஆக்கிக் கொடுக்கும். மெஷினைத் தொடங்கிவைத்த அன்று இயக்குநர் மேடையேறி, "இது தொண்ணூற்றொன்பது சதவீதம் சரியாகப் படிக்கும்" என்று சொல்லிவிட்டார். விற்ற கம்பெனிக்காரர்களே அவ்வளவு துணிந்து சொல்லியிருக்கவில்லை. முன்வரிசையில் இருந்த அவர்களில் ஒருவர் திரும்பி இன்னொருவர் முகத்தைப் பார்த்ததை நான் பார்த்தேன். ஆனால் சொல்லியாகிவிட்டது, கைதட்டியும் ஆகிவிட்டது. அதற்கு மேல் மெஷின் தப்புச் செய்தால் இயக்குநர் பொய் சொன்னதாக ஆகும். ஆகவே அது செய்வதில்லை.

நான் அங்கே பிழைதிருத்துநர். திரையின் இடப்பக்கம் புத்தகத்தின் படம், வலப்பக்கம் மெஷின் படித்தது. இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். மேல் மூலையில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அந்தப் புத்தகத்துக்கு அனுமதிக்கப்பட்ட திருத்தங்கள் எத்தனை மிச்சம் என்று அது காட்டும். ஒவ்வொன்றாகக் குறைந்து பூஜ்யத்துக்கு வந்ததும் கட்டம் சிவப்பாகிவிடும், விசைப்பலகை ஊமையாகிவிடும். அதற்குப் பிறகு கண்ணில் படுவது எதுவும் பிழை கிடையாது. பூச்சி அரித்த சரித்திரப் புத்தகம் ஒன்று ஆரம்பத்திலேயே சிவப்பாகிவிட்டது. மூன்றாம் அத்தியாயத்திலிருந்து அரசர்களெல்லாம் அரிசிகளாகி, ஓர் அரிசி இன்னோர் அரிசியின் மீது படையெடுத்துக்கொண்டிருக்கிறது. இன்றைக்கும் எங்கள் இணையதளத்துக்குப் போனால் பார்க்கலாம்.

வேலையில் சேர்ந்த புதிதில் நான் இதைக் கண்டு திகைத்துப் போனேன். பக்கத்து நாற்காலி அக்காதான் தேற்றினார்.

"கட்டம் செவந்தா பயப்படாதே. கைமாத்து வாங்கிக்கலாம்."

அச்சு தெளிவாக உள்ள புத்தகம் கிடைத்தவருக்குத் திருத்தங்கள் மிஞ்சும். அதை இல்லாதவர்கள் கடன் வாங்கிக்கொள்ளலாம். "அக்கா, கொஞ்சம் பிழை இருந்தா குடுங்களேன், வெள்ளிக்கிழமை திருப்பிடறேன்" என்று நாற்காலிக்கு நாற்காலி கேட்டுக்கொள்வோம். வாங்கிவிட்டுத் திருப்பாதவர்களைப் பற்றித் தேநீர் வேளையில் பேசிக்கொள்வோம். அக்கா இதில் கெட்டி. பெரிய எழுத்தில் அச்சான பாடப்புத்தகங்களாகப் பார்த்து எடுத்துக்கொண்டு, வருஷம் முழுக்கச் செல்வாக்கோடு இருப்பார்.

கீழ்த்தளத்தில் பக்கம் புரட்டி ஸ்கேன் செய்பவரை எல்லாரும் கட்டைவிரல் என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய கட்டைவிரல் அடிக்கடி படத்தில் விழும். நல்ல மனிதர். "பக்கத்தைப் பிடிக்கலைன்னா அது புரண்டுடுது மேடம். பிடிச்சா விரல் விழுது. ரெண்டுல எது வேணும்னு எழுத்துல குடுக்கச் சொல்லுங்க" என்று என் மூலமாக மேலிடத்தைக் கேட்டிருந்தார். யாரும் எழுத்தில் கொடுக்கவில்லை.

இந்த நிலையில்தான் என் மாமியார் எழுதிய புத்தகம் என் மேஜைக்கு வந்து சேர்ந்தது.

மாமியாரை நான் அத்தை என்பேன். தெரு முழுக்க ஸ்க்ரூடிரைவரம்மா என்று கூப்பிடும். மின்சாதனக் கடை ஒன்றின் பின்பக்க அறையில் ரொம்ப காலம் மின்விசிறியும் இஸ்திரிப் பெட்டியும் பழுது பார்த்தவர். ஒருமுறை பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி, சூடாகிப்போன பிளக் பாயிண்ட்டைத் தானே சரிபார்க்கப் போய், வலது கை விரல்கள் கருகி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பார்த்துவிட்டு வந்த அத்தை அந்த வாரமே எழுத உட்கார்ந்தார். 'வீட்டு மின்சாரம்: பயமில்லாமல், விளையாட்டில்லாமல்' என்று பெயர். சின்னப் புத்தகம். மற்றவர்கள் எழுதிய புத்தகத்தை ஜனங்கள் படிப்பார்கள், இதைச் சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் பிரித்து வைத்துக்கொண்டு சொன்னபடி செய்தார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்து, கடைசியில் வீட்டில் ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. கொடுத்தவையும் புரட்டிப் புரட்டிக் கிழிந்து போயின. நூலகத்துக்குப் போன ஒன்றுதான் பாக்கி. அது எங்கள் இயக்ககத்துக்கு வந்திருந்தது.

அத்தை வாய்விட்டு எதுவும் கேட்கும் ஆள் இல்லை. தினமும் சாயங்காலம், "இன்னைக்கு என்ன புத்தகம் வந்துச்சு?" என்று மட்டும் கேட்பார். சமையல், சோதிடம், சரித்திரம் என்று நான் சொல்லச் சொல்ல "ம்" என்பார். வந்துவிட்டது என்று சொல்லும் நாளுக்காக நானும் ஆசையாகத்தான் இருந்தேன். ஆனால் புத்தகத்தைத் திறந்து பார்த்ததும் அன்றைக்குச் சொல்ல முடியவில்லை.

'பிளக் பாயிண்ட் சூடானால்' என்ற பகுதி. "இரண்டு திருகாணிகளையும் கழற்றி மூடியை எடுங்கள்" என்று இருந்தது. அதற்கடுத்த வரி, பக்கத்தின் கடைசி வரி, இருக்க வேண்டிய இடத்தில் கட்டைவிரல் இருந்தது. நகம், சதை, ரேகை எல்லாம் அமோகமாக விழுந்திருந்தன. அந்த ரேகைகளை மெஷின் எழுத்தாகப் படித்து, "ஙஙஙங ஙங ஙஙஙங" என்று கொடுத்திருந்தது. அடுத்த பக்கம் இப்படித் தொடங்கியது: "உள்ளே இருக்கும் வயரைக் கையால் பிடித்து, தளர்ந்திருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள்."

அன்று சாயங்காலம் ஏதோ சந்தேகம் கேட்பதுபோல் கேட்டேன். "அத்தை, பிளக் பாயிண்ட் சூடானா என்ன பண்ணணும்?"

அத்தை மடியில் ஒரு மிக்ஸியின் அடிப்பாகம் கவிழ்ந்து கிடந்தது. தலை நிமிராமலே சொன்னார். "மூடியைக் கழட்டு. மெயின் சுவிட்சை அணைச்ச பிறகுதான் வயருல கை வைக்கணும்."

"புத்தகத்துலயும் அப்படித்தான் எழுதியிருக்கீங்களா?"

"அந்த ஒரு வரிக்காகத்தான் புத்தகமே எழுதினேன்" என்றார்.

மறுநாள் காலையில் கண்காணிப்பாளரிடம் போனேன். அவர் மோசமான மனிதர் இல்லை. எந்தக் கோப்பையும் தன் மேஜையில் தங்கவிடாத மனிதர், அவ்வளவுதான்.

"சார், இந்த இடத்துல ஒரு வரி இல்ல."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "இருக்கே. ஙஙஙங."

"அது விரல் சார்."

"விரலா இருந்தா மெஷின் எதுக்குப் படிக்குது? எழுத்தை மட்டும்தான் படிக்கும்னு ஒப்பந்தத்துலயே இருக்கு."

"நான் சரிபண்ணிடறேன் சார். கட்டம் இன்னும் செவக்கல. அக்காகிட்ட வேற கைமாத்து வாங்கி வெச்சிருக்கேன்."

"நீ கேக்கறது திருத்தம் இல்லம்மா. இருக்கறதை மாத்தினா திருத்தம். இல்லாததைச் சேத்தா அது படைப்பு. நமக்குப் படைக்கற அதிகாரம் கிடையாது. இருந்திருந்தா நான் ஏன் இங்க உக்காந்திருக்கப் போறேன்?"

"படிக்கறவங்க கரண்ட் இருக்கறப்பவே வயரைப் பிடிச்சுடுவாங்க சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பரிவோடு பார்த்தார். "ஏம்மா வீணா பதறுறே? நம்ம தளத்துல இருக்கற புத்தகத்தை யாராச்சும் படிச்சதா இதுவரைக்கும் ஒரு தகவலும் இல்ல."

நான் விடவில்லை. காகிதப் புத்தகத்தையாவது எடுத்துப் பாருங்கள் என்று வாரம் முழுக்க நச்சரித்தேன். கடைசியில் அவர், மூலப்பிரதிகள் அறைக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். சில நாள் கழித்து, முகமெல்லாம் சிரிப்பாக என்னைக் கூப்பிட்டார்.

"உன் பிரச்சினை தீந்துச்சு. வா, வந்து பாரு."

வெல்வெட் துணி விரித்த தட்டில் அத்தையின் புத்தகம் இருந்தது. அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினார். கடைசி வரி இருந்த இடத்தில் மெல்லிய வெள்ளைக் காகிதம் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. அதன் மேல், விருது மடல்கள் எழுதும் ஓவியரைக் கொண்டு, அச்சு எழுத்துத் தோற்றுப்போகும் அழகில் எழுதியிருந்தார்கள்: "ஙஙஙங ஙங ஙஙஙங."

"மெஷினுக்கும் புத்தகத்துக்கும் வேறுபாடு இருந்தது உண்மைதான். நீ சொன்னது சரி" என்றார் கண்காணிப்பாளர். "மெஷின் தொண்ணூற்றொன்பது. புத்தகத்துக்கு அப்படி எந்தச் சான்றிதழும் இல்ல. அதனால புத்தகத்தைத் திருத்தியாச்சு."

"அடியில இருந்த வரி?"

"சுரண்டி எடுத்துட்டோம். அப்படியே ஒட்டினா மேடு தட்டுதாம்."

பிரதி இருக்கிறது என்ற ஒரே தெம்பில்தான் அதுவரை சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது அந்த வரி அத்தையின் தலைக்குள் தவிர உலகத்தில் வேறு எங்கேயும் இல்லை. அதுவும் நான் போய்க் கேட்டதால்தான் அழிந்தது.

வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அத்தை எழுந்து, புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நான் வந்து சொல்றேன். எழுதினவ நான்தானே? நான் சொன்னா கேக்க மாட்டாங்களா?"

அத்தைக்குக் கடைகளைத் தெரியும், அலுவலகங்களைத் தெரியாது.

அவர் வருகையை முன்னிட்டு 'ஐயப்பாடு தீர்க்கும் குழு' என்று ஒன்று அமைக்கப்பட்டது. இயக்குநர், கண்காணிப்பாளர், வெளியிலிருந்து ஓர் ஆய்வறிஞர். நீள மேஜைக்கு அந்தப் பக்கம் மூவரும், இந்தப் பக்கம் நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். அத்தை வரியைச் சொன்னார். மெயின் சுவிட்சை அணைத்த பிறகே. அதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை என்பதால் நிறுத்திக்கொண்டார்.

இயக்குநர் விரல்களைக் கோத்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். நல்ல உயரம், நல்ல குரல், யாரையும் புண்படுத்தாத பேச்சு.

"அம்மா, உங்க மேல எங்களுக்கு ரொம்ப மரியாதை உண்டு. ஆனா நீங்க இந்த நூலுக்கு ஆசிரியர். அதாவது ஒரு தரப்பு. புத்தகம் நல்லா வரணும்னு உங்களுக்கு ஒரு ஆசை இருக்கு. எங்களுக்கு அந்த மாதிரி எந்த ஆசையும் கிடையாது. அதனாலதான் எங்களால நடுநிலையா முடிவெடுக்க முடியுது."

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மேஜையைப் பார்த்தேன்.

ஆய்வறிஞர் தொண்டையைச் செருமினார். அவர் அந்தப் பக்கத்தை மட்டும் தனியாக அச்செடுத்து, ஓரமெல்லாம் குறிப்பு எழுதிக் கொண்டுவந்திருந்தார். "இதை நான் பல தடவை வாசித்தேன். 'ஙஙஙங ஙங ஙஙஙங.' முதலில் புரியவில்லை. பிறகு அடுத்த பக்கத்தோடு சேர்த்து வாசித்தேன். வயரைத் தொட்டவரின் குரல் இது. மின்சாரம் பாயும்போது மனிதன் எழுப்பும் ஒலியை ஆசிரியர் அப்படியே பதிவு செய்திருக்கிறார். நம் மொழியில் இதற்கு முன் யாரும் இதைச் செய்ததில்லை."

"அது விரலுங்க" என்றார் அத்தை.

"தன் சாதனையைத் தானே உணராமல் இருப்பது பெரிய எழுத்தாளர்களிடம் உள்ளதுதான்" என்றார் ஆய்வறிஞர்.

"தொட்டவன் அப்படிக் கத்துவான்னு நீங்களே சொல்றீங்க. அப்போ அந்தப் பக்கத்துல இருக்கறபடி செஞ்சா என்ன ஆகும்னும் உங்களுக்குத் தெரியுது. நீங்க யாராச்சும் ஒருத்தர் செஞ்சு பாருங்களேன்."

அத்தை இதைச் சத்தமாகச் சொல்லவில்லை. அவர்களுக்கு உறைக்கட்டும் என்றுதான் சொன்னார். ஆனால் இயக்குநரின் முகம் மலர்ந்துவிட்டது.

"செய்யறேன். அடுத்த மாசம் நம்ம தளத்தை முறைப்படி பொதுமக்களுக்குத் திறந்துவைக்கறோம். அந்த விழாவுல, மேடையில, இந்தப் பக்கத்தைப் பெரிய திரையில போட்டு, அதுல உள்ளபடி நானே என் கையால செய்யறேன். மெஷின் சரியா, தப்பான்னு ஊரே பாக்கட்டும்."

அத்தைக்கு முகம் வெளிறிப்போனது. "வேணாங்க. நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"குறிப்புல ஏறியாச்சும்மா" என்றார் கண்காணிப்பாளர். எங்கள் இயக்ககத்தில் அவ்வளவு வேகமாக எதுவும் குறிப்பில் ஏறி நான் பார்த்ததில்லை.

பேருந்தில் வீடு திரும்பும்போது அத்தை கேட்டார். "அந்த ஆளுக்குக் குழந்தைங்க இருக்கா?"

"ரெண்டு பொண்ணுங்க."

"ம்" என்றார்.

விழா நாள் வந்தது. மேடை நடுவில் ஒரு மரப் பலகை, அதில் ஒரு பிளக் பாயிண்ட், அதற்கு மேல் பளபளவென்று எரியும் ஒரு பல்பு. மின்சாரம் இருப்பது கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டும் என்று இயக்குநரே பல்பு போடச் சொன்னாராம். மண்டபத்து எலக்ட்ரீஷியனைத் தனியாகக் கூப்பிட்டு, அந்தப் பலகைக்கு மட்டும் கரண்ட் கொடுக்காமல் இருக்க முடியுமா என்று கெஞ்சினேன்.

"கரண்ட் இல்லாம இருந்தா என் வேலை போயிடும்னு எழுதியே குடுத்திருக்காங்க மேடம்" என்றார்.

ரப்பர் கையுறை ஒன்று வாங்கி வந்திருந்தேன். அதைக் கண்காணிப்பாளர் திருப்பிக் கொடுத்துவிட்டார். "புத்தகத்துல கையுறைன்னு எங்கயும் இல்லையேம்மா." கடைசியாக இயக்குநரிடமே போய், சார், உண்மையாகவே ஆபத்து என்றேன். அவர் என் தோளைத் தட்டி, "இவ்வளவு விசுவாசமான ஊழியர் இருக்கறப்ப எனக்கு என்ன ஆபத்து?" என்று சொல்லிவிட்டு மேடையேறினார்.

அத்தைக்கு அழைப்பிதழ் இருந்தது. 'பார்வையாளர், பின்வரிசை' என்று போட்டிருந்தது. ஆனால் நான் திரும்பிப் பார்த்தபோது அவர் நாற்காலியில் கைப்பை மட்டும்தான் இருந்தது.

இயக்குநர் ஒலிபெருக்கியில் திரையைப் பார்த்து வாசித்தார். "இரண்டு திருகாணிகளையும் கழற்றி மூடியை எடுங்கள்." கழற்றினார். எடுத்தார். கூட்டம் கைதட்டியது. அடுத்த வரியையும் விடவில்லை. "ஙஙஙங ஙங ஙஙஙங" என்று உருக்கமாக வாசித்தார். ஆய்வறிஞர் கண்ணை மூடித் தலையாட்டினார். "உள்ளே இருக்கும் வயரைக் கையால் பிடித்து..." என்று இயக்குநர் கையை நீட்டினார்.

மண்டபம் இருண்டது. திரை போனது, பல்பு போனது, விசிறிகள் முனகி நின்றன.

"யாரும் பதற வேண்டாம். நான் நிறுத்த மாட்டேன்" என்று ஒலிபெருக்கி இல்லாத குரல் இருட்டிலிருந்து கேட்டது. "பிடித்துவிட்டேன். இழுக்கிறேன். உறுதியாக இருக்கிறது."

பக்கவாட்டுக் கதவுக்குப் பக்கத்தில் இருந்து அத்தையின் குரல் வந்தது. "கையை எடுத்தாச்சான்னு கேளு."

"சார், கையை எடுத்தாச்சா?" என்று கத்தினேன்.

"எடுத்துவிட்டேன்."

"எடுத்துட்டாராம் அத்தை."

"தள்ளி நிக்கச் சொல்லு."

தள்ளி நின்றதும் வெளிச்சம் வந்தது. இயக்குநர் இரண்டு கைகளையும் உயர்த்தி, பத்து விரல்களையும் விரித்துக் காட்டினார். நான் கேட்டதிலேயே பெரிய கைதட்டல் அதுதான்.

"மெஷின் படித்ததை அட்சரம் பிசகாமல் செய்தேன். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. நடுவில் மின்சாரம் தடைப்பட்டதுகூட என் கவனத்தைக் குலைக்க முடியவில்லை. இந்தப் பக்கத்தில் பிழை இருக்கிறது என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இந்த நிமிடம் முதல் இந்தப் பக்கம் சோதித்துச் சான்றளிக்கப்பட்ட பக்கம்."

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அத்தை மெயினைத் தொடாமல் உட்கார்ந்திருக்கலாமே என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அப்போதுதான் முன்வரிசையில் இரண்டு சின்னப் பெண்கள் நாற்காலி மேல் ஏறி நின்று, அப்பாவைப் பார்த்துக் கைதட்டுவதைப் பார்த்தேன். அந்த நினைப்பை அப்படியே விழுங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"காப்பாத்தினதால அந்தப் பக்கம் சரின்னு ஆயிடுச்சு. இனிமே அதைப் படிச்சுட்டு தொடப் போறவங்க ஒவ்வொருத்தர் வீட்டுலயும் நான் போய் மெயின் பக்கத்துல நிக்க முடியுமா?"

அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அடுத்த வாரம் இயக்குநர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். விழாவின் படங்கள் மேஜை முழுக்கப் பரப்பிக் கிடந்தன.

"அந்த மின்சாரப் புத்தகத்துக்கு நான் ஒரு முன்னுரை குடுக்கலாம்னு இருக்கேன். நான் குடுக்கறதுதான் பொருத்தம், இல்லையா? நீயே எழுதிடும்மா. நான் பாத்துக் கையெழுத்துப் போட்டுடறேன்."

"எவ்வளவு நீளம் சார்?"

"எவ்வளவு வேணாலும். அது ஸ்கேன்ல வராது. கட்டம், கணக்கு எதுவும் அதுக்குக் கிடையாது."

நான் நாற்காலிக்குத் திரும்பி, மூச்சுவிடாமல் எழுதினேன். அறிவு, ஒளி, எதிர்காலம் என்று அவருக்குப் பிடித்த வார்த்தைகளையெல்லாம் முதல் பத்தியில் கொட்டினேன். இரண்டாம் பத்தியில், "அன்று மேடையில் இருள் சூழ்ந்த வேளையில் நான் உணர்ந்த உண்மையை வாசகர்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். மெயின் சுவிட்சை அணைத்த பிறகே எதையும் தொடுங்கள்" என்று முடித்தேன்.

இயக்குநர் படித்தார். அந்த இடத்தில் வந்து நின்றார்.

"இது என் அனுபவத்துல வந்த வரியா?"

"ஆமா சார். அன்னைக்கு எல்லாம் அணைஞ்ச பிறகுதானே நீங்க தொட்டீங்க?"

அவர் மறுபடி படித்தார். உதட்டை அசைத்து, தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். "ஆழமா இருக்கு" என்றார். "வெளியில இருக்கற சத்தம், வெளிச்சம், ஆரவாரம் எல்லாத்தையும் அணைச்சுட்டுத்தான் ஒரு நூலைத் தொடணும். இதை ஒரு புத்தகத்துக்கு மட்டும் குடுக்கறது நியாயமே இல்ல." கண்காணிப்பாளரைக் கூப்பிட்டு, தளத்தில் உள்ள எல்லாப் புத்தகங்களுக்கும் இதே முன்னுரையைப் போடும்படி உத்தரவிட்டார். அரிசிகள் போரிடும் சரித்திரத்துக்கும், அகராதிக்கும், குழந்தைப் பாடல்களுக்கும் அன்றைக்கே போட்டாயிற்று. அதைப் படித்து முடித்துக் கீழே உள்ள பொத்தானை அழுத்தினால்தான் புத்தகம் திறக்கும் என்றும் ஏற்பாடு செய்தார்கள்.

வீட்டில் அத்தைக்குத் திரையில் காட்டினேன். தன் புத்தகம், தன் பெயர், அதற்கு மேலே பெரிய எழுத்தில் இயக்குநரின் பெயர், அவர் கையெழுத்துக்கு மேலே அந்த வரி. அத்தை விரலை வைத்து மெல்லப் படித்தார்.

"நான் எழுதினதை அவர் சொன்னதா போட்டுட்டாங்க."

"ஆமா அத்தை. வேற வழி தெரியல."

அவர் எழுந்து போய், மிக்ஸியின் அடிப்பாகத்தை எடுத்து மடியில் கவிழ்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு சில நாட்கள் என்னிடம், என்ன புத்தகம் வந்தது என்று கேட்கவில்லை. அந்தச் சாயங்காலங்கள் எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தன.

வாசகர்களின் தொலைபேசி அழைப்புகளை எடுக்கும் வேலையும் எங்களுக்கு முறை வைத்து உண்டு. அபூர்வமாகத்தான் மணி அடிக்கும். என் முறையன்று அடித்தது. எடுத்ததுமே ஒரு பெரியவர் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார்.

"என்னம்மா நடத்துறீங்க அங்க? எங்க வீட்டு பிளக் பாயிண்ட் கொதிக்குது. உங்க புத்தகத்தைக் கம்ப்யூட்டர்ல திறந்தேன். எதையும் தொடறதுக்கு முன்னாடி மெயினை அணைன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. போய் அணைச்சேன். திரும்பி வந்து பாத்தா கம்ப்யூட்டரும் அணைஞ்சு போயிருக்கு. பக்கத்தை எப்படித்தான் புரட்டறது? ஆளைக் கூப்பிட்டு, காசு குடுத்து சரிபண்ண வேண்டியதா போச்சு. புத்தகமாம் புத்தகம். யாரு எழுதினது இதை?"

நான் மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள் அவர் வைத்துவிட்டார். சாயங்காலம் அத்தையிடம் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். சொல்லும்போதே, இது வேறு அவர் மனத்தை நோகடிக்கப் போகிறதே என்று தயக்கமாக இருந்தது.

அத்தை கையில் இருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். "நல்லாக் கோவமாவா பேசினாரு?"

"ரொம்பக் கோவமா."

"குரல் நடுங்காம, கணீர்னு?"

"காது கிழிஞ்சுடுச்சு அத்தை."

"அப்போ ஆள் நல்லாத்தான் இருக்காரு" என்றார் அத்தை. முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. "போகட்டும். நாளைக்கு என்ன புத்தகம் வருது?"